அருவிச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்

பிரிஸ்காவின் வீட்டுச் சமையலறை ஜன்னல் கோடையில் மாலையானால் திறந்துதான் கிடக்கும். சாரல் உள்ளே அடித்து மேசைத் துணி நனைந்தாலும் மூட மாட்டாள். பார்லி சூப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக அங்கே வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். மேலே, மூன்று அருவிகளுக்கும் மேலே, ஃபுர்னி மேய்ச்சல் மேட்டிலிருந்து அவள் அண்ணன் அம்ப்ரோஸ் கூப்பிட வேண்டும். அது காதில் விழுந்தால்தான் அவளுக்குச் சூப் தொண்டையில் இறங்கும்.

கால்ட்பாக் பள்ளத்தாக்கில் மாடு மேய்க்கிறவர்கள் அந்தி சாயும்போது பால் வடிகட்டும் மரப்புனலை வாயில் வைத்துக்கொண்டு மாதாவையும் அந்தோனியாரையும் ஆடுமாடு காக்கும் புனித வெண்டலினையும் ராகம் போட்டுக் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் எட்டுகிற தூரம் மட்டும் அன்றைய இரவில் மாட்டுக்கும் மனிதருக்கும் கெடுதல் வராது என்று நம்பிக்கை. பிரிஸ்கா கோயிலுக்குப் போகிறவள்தான் என்றாலும் அந்த நம்பிக்கைக்காக அவள் ஜன்னலில் நிற்கவில்லை. குரல் வந்தால் அண்ணன் உயிரோடு இருக்கிறான். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

கீழே வந்து சேரும்போது வார்த்தை ஒன்றும் மிஞ்சியிருக்காது. நடு அருவியான கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறைச் சுவர் நிற்கிறது. மேலே யார் எங்கே கூப்பிட்டாலும் அந்தச் சுவரில் முட்டித்தான் சத்தம் ஊருக்கு இறங்கும். இறங்கும்போது வெறும் ராகமாக இருக்கும், அதுவும் அருவி இரைச்சலுக்கு நடுவில், கூட்டத்தில் யாரோ நம் பேரைச் சொன்ன மாதிரி.

பிரிஸ்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் டோனி மஞ்சள் தபால் பேருந்து ஓட்டியவன், நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. ஜூன் மாதம் பனி விலகியதிலிருந்து அக்டோபர் வரை, வெளியூரிலிருந்து வருகிறவர்களை அருவிகளுக்கு நடத்திக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. முதல் அருவிக்குத் தூசி என்று பெயர். தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் மாவாகப் பறந்துவிடும். அடுத்தது கொப்பரை. எல்லாவற்றுக்கும் மேலே நூல், வெய்யில் காலத்தில் மெலிந்து பெயருக்கேற்றபடி தொங்கும். அந்தப் பாதையில் சின்ன வயதில் அப்பாவுக்கு ரொட்டி சுமந்து ஏறியவள் அவள். எந்தக் கல் ஆடும், எந்த வேர் வழுக்கும் என்று கால் தானாகவே சொல்லும்.

ஆனால் அடுத்தவர் காலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் கொப்பரையில் கம்பி வேலியைத் தாண்டி, படம் எடுக்க ஈரப்பாறையில் கால் வைப்பார். "அங்க போகாதீங்க" என்று பிரிஸ்கா கத்துவாள். இரைச்சலில் அது கேட்காது. கையை வீசி வீசிக் காட்டுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டு பதிலுக்குக் கையை வீசுவார்கள். இதுவரை யாரும் விழவில்லை. இதுவரை என்ற சொல்லை அவள் எப்போதும் கூடவே சேர்த்துக்கொள்வாள், ராத்திரி படுக்கும்போதும்.

அந்த வருஷம் வசந்தத்தில் அம்ப்ரோஸ் கொட்டிலில் மயங்கி விழுந்தான். பசுவின் காலடியில் கிடந்தவனைப் பால் எடுக்க வந்த ஆள் பார்த்து எழுப்பினான். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்தக் கோடைக்கு மேலே போவதை மறந்துவிடச் சொன்னார். அம்ப்ரோஸ் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மேலே கொண்டுபோக வேண்டிய உப்பு மூட்டையைத் தைக்க உட்கார்ந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு உனக்கு?" என்றாள் பிரிஸ்கா.

"எனக்குச் சொன்னாரு. கிடேரிங்களுக்குச் சொல்லலையே. அதுங்க பாட்டுக்கு ஜூன் வந்ததும் வாசல்ல வந்து நிக்கும்."

"வேற ஆளைப் போகச் சொல்லு."

"யாரு? சொல்லேன், யாரு? நீ பேர் சொல்லு, நான் மூட்டையை அவிழ்த்துடறேன்."

பிரிஸ்கா யோசித்தாள். ஊரில் ஆறு வீட்டுக் கிடேரிகள் ஃபுர்னிக்குப் போகின்றன. இளசுகள் எல்லாரும் கேபிள் கார் கம்பெனியிலும் ஓட்டல்களிலும் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் அம்ப்ரோஸைவிடக் கிழவர்கள்.

"அதான்" என்றான் அம்ப்ரோஸ், ஊசியில் நூலைக் கோத்தபடி. "கிழட்டுக் கழுதைன்னாலும் சுமை தூக்கறது அதுதானே."

"அங்க போன் கூட எடுக்காது."

"எடுக்காததுதான் அந்த இடத்துக்கு அழகு."

கெஞ்சினாள், திட்டினாள், பாதிரியாரை விட்டுச் சொல்லச் சொன்னாள். பாதிரியார் வந்து ஒரு காபி குடித்துவிட்டு, அம்ப்ரோஸோடு வானிலை பேசிவிட்டுப் போனார். கடைசியில் பிரிஸ்காவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்குதான்.

"தினம் சாயங்காலம் கூப்பிடணும். ஒரு நாள் விடக்கூடாது."

"நான் எப்ப விட்டேன்?"

"கூப்பிடலைன்னா மறுநாள் காலையில வாசல்ல நான் நிப்பேன்."

"தண்ணி இரைச்சல்ல கேக்கலைன்னா?"

"பெருமழை பேஞ்சா இன்னொரு சாயங்காலம் பொறுப்பேன். அதுக்கு மேல பொறுக்க மாட்டேன்."

"சரி, அம்மா தாயே" என்றான். உப்பு மூட்டை தைத்து முடிந்திருந்தது.

ஜூலையில் ஓநாய் வந்தது. ஃபுர்னிக்கு எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கலென் என்ற மேட்டில் ஆடுகள் மேயும். ஆள் யாரும் தங்குவதில்லை, வாரம் ஒரு முறை சொந்தக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரே இரவில் ஒன்பது ஆடுகள் குதறிக் கிடந்த பிறகு, கிழக்கே கிரவுபுண்டன் பக்கத்திலிருந்து ஃப்ளோரின் என்கிற ஒருவனைக் கூலிக்குப் பிடித்து வந்து அங்கே விட்டார்கள். முப்பது வயதிருக்கும். தாடி வைத்தவன், கூச்ச சுபாவம். சாமான் வாங்கக் கீழே வந்தவனை பிரிஸ்கா தூசிக்குப் பக்கத்தில் பார்த்தாள். பையில் இருந்த பேரிக்காய் ரொட்டியை வெட்டிக் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றான்.

"எதிர்ப் பக்கத்துல ஒருத்தர் சாயங்காலம் பாடறாரே, அவரு யாருங்க?"

"பாட்டு இல்லப்பா அது. வேண்டுதல். என் அண்ணன்தான்."

"எங்க ஊர்ல இந்தப் பழக்கம் கிடையாது. நாங்க சீர்திருத்த சபை, புனிதர்களைக் கூப்பிட மாட்டோம். ஆனா கேக்கறதுக்கு..." என்று சொல்லத் தெரியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "ஓநாய் பயத்துல உக்காந்திருப்பேன். அது கேட்டதும் தூக்கம் வருது."

பிரிஸ்காவுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பேசினாள். அப்பா காலத்தில் ஒரு ராத்திரி வேண்டுதல் விட்டுப்போய், விடிந்து பார்த்தால் எட்டு மாடு நூல் அருவியில் விழுந்து கிடந்த கதையைச் சொன்னாள். "ஒரு ராத்திரி கூட விடக்கூடாதுப்பா. விட்டா இந்தப் பள்ளத்தாக்குக்கே ஆகாது" என்று சொன்னாள். அண்ணனுக்கும் தனக்கும் இருக்கும் ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை. அது வீட்டு விஷயம், ஊர் புதிதான ஆளிடம் எதற்கு? கூடவே நடந்து கொப்பரைவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, மிச்ச ரொட்டியையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் மாதா திருநாள் கழிந்த கையோடு மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அடாத மழை இல்லை. நசநசவென்று தூறலும், எதிர் வீட்டைக்கூட மறைக்கிற மூட்டமும். அருவிக்கு வருவதாக இருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிஸ்கா வீட்டிலேயே கிடந்தாள், அலமாரி துடைத்தாள், கறுப்புத் திராட்சையில் ஜாம் காய்ச்சினாள். மாலையில் ஜன்னலுக்கு வந்தாள்.

முதல் நாள் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது. அவள் கோட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். வந்ததும் கோட்டை ஆணியில் மாட்டினாள்.

இரண்டாம் நாள் குரல் வந்தது. மெலிந்திருந்த மாதிரி பட்டது. சளி பிடித்திருக்கும், மூட்டத்துக்கு அப்படித்தான் கேட்கும் என்று நினைத்தாள். கடைசி இழுப்பு எப்போதும் வெட்டி நிறுத்துகிற இடத்தில் நிற்காமல் நீண்டுபோயிற்று. என்னவோ இன்றைக்கு உற்சாகம் கிழவனுக்கு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். மனம் ஒரு ஓரத்தில் அரித்தது. அவளுக்கு மனம் அரிக்காத நாளே கிடையாது, அதனால் அந்த அரிப்பை அவள் நம்பவில்லை. மூன்றாம் நாளும் குரல் வந்தது. சூப்பைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. பாசெலிலிருந்து ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்கள் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளைவிட மோசம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஹான்ஸ்யோர்க், தொப்பையும் இரண்டு கைத்தடிகளுமாக முன்னால் வந்தார்.

"அம்மா, எங்களைக் கொஞ்சம் பார்த்துக் கூட்டிப் போங்க. தண்டவாளம் இல்லாத வழியில நாங்க நடக்கறது இதான் முதல் தடவை."

"வளைவு வந்தா மணி அடிங்க, போதும்" என்றாள் பிரிஸ்கா.

"இவனுக்கு வீட்டுலயே மணி அடிக்க அனுமதி இல்லீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வழி முழுக்க இப்படித்தான் போயிற்று. தூசியில் எல்லாரும் முகத்தை நீட்டி நனைந்துகொண்டார்கள். கொப்பரைக்கு வந்ததும் வேலிக்கு இப்புறமே உட்காரவைத்து, ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்னச் சொன்னாள். எண்ணிப் பார்த்தாள், பதினொன்று சரியாக இருந்தது. அப்போது மேலேயிருந்து, நூல் அருவிப் பாதையில், ஒரு வெள்ளாடு தத்தித் தத்தி இறங்கி வந்தது.

"டிக்கெட் இல்லாத ஆளு வருதுப்பா" என்றார் ஹான்ஸ்யோர்க்.

ஆடு நேராக வந்து அவர் முழங்காலில் முட்டியது. கத்தியது. காலை அகட்டி நின்று மறுபடி கத்தியது. பிரிஸ்காவுக்கு அதைத் தெரியும். மூசி, அம்ப்ரோஸ் தன் காபிக்கென்று மேலே ஓட்டிப்போன ஒரே வெள்ளாடு. குனிந்து மடியைத் தொட்டாள். பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. காம்பில் தொட்ட விரலுக்கே ஆடு துள்ளியது. பால் கட்டிப்போயிருந்தது. ஒரு நாள் கட்டு இல்லை அது.

அம்ப்ரோஸ் முதலில் மூசியைக் கறப்பான், பிறகு கை கழுவுவான், பிறகுதான் புனலை எடுப்பான். அப்பாவுக்கும் அதே வரிசைதான். நேற்றும் புனலை எடுத்தான் என்றால் நேற்றும் கறந்திருக்க வேண்டும்.

பிரிஸ்கா மடியில் கை வைத்தபடியே இருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அவளிடம் என்னவோ கேட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் கேட்டேனே" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஹான்ஸ்யோர்க்குக்கு விஷயம் புரியவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கைத்தடிகளைத் தூக்கிக்கொண்டு, "நான் வரேன். நீங்க நடங்க" என்றார். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறும்போது அவர் மூச்சு பின்னால் அறுக்கிற மாதிரி கேட்டது. இவருக்கும் இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று பிரிஸ்கா பயந்தாள், நில்லுங்கள் என்று சொல்லத் தெரியவில்லை. மூசி அவள் காலடியில் முட்டிக்கொண்டே கூட ஏறியது, கறப்பாள் என்கிற நம்பிக்கையில்.

குடிசைக் கதவு திறந்து கிடந்தது. மரப்புனல் தன் ஆணியில் தொங்கியது. உள் பக்கத்தில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. அம்ப்ரோஸ் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தான். இடது கைக்கு எட்டிய பால் கேனை இழுத்துச் சாய்த்து, தரையில் ஓடியதை நக்கியிருக்கிறான். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்து, கன்றுக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"வந்துட்டேன்" என்றாள் பிரிஸ்கா. "வந்துட்டேன், இதோ வந்துட்டேன்." நனைந்த துணியை உதட்டில் வைத்தாள்.

நூலுக்கு மேலே ஒரு பாறையின் மீது ஏறினால் மட்டும் போன் எடுக்கும் என்று சொல்லி ஹான்ஸ்யோர்க்கை அனுப்பினாள். தொப்பையோடு அவர் அந்தப் பாறையில் தவழ்ந்து ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது கிடேரிகள் மிரண்டு நாலாபுறமும் ஓடின. அம்ப்ரோஸைக் கட்டி ஏற்றினார்கள். மருத்துவம் தெரிந்த பெண் ஒருத்தி, "நீங்களும் ஏறிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

பிரிஸ்கா ஓடிய கிடேரிகளைப் பார்த்தாள், நூல் அருவியின் விளிம்பைப் பார்த்தாள். ஆறு வீட்டு மாடுகளை மேட்டில் அநாதையாக விட்டுவிட்டு யாரும் கீழே போக மாட்டார்கள், பெற்றவளே சாகக் கிடந்தாலும். மாற்று ஆள் ஏறி வர விடியும்.

"இல்ல" என்றாள். "நான் இங்க இருக்கணும்."

ஹான்ஸ்யோர்க் மற்றவர்களைப் பத்திரமாகக் கீழே கூட்டிப்போவதாகச் சொன்னார். "வளைவுல மணி அடிச்சுக்கிட்டே போறோம்மா" என்றார், சிரிக்காமல்.

மாடுகளைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் வெய்யில் சாய்ந்துவிட்டது. மூசியை மடியில் வெந்நீர்த் துணி வைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தாள். முதலில் வந்தது கட்டிகட்டியாக இருந்தது. கறந்துகொண்டிருக்கும்போதே கேட்டது.

எதிரில், கலென் மேட்டிலிருந்து, பள்ளத்தைத் தாண்டி, நேராக, தெளிவாக, அவள் அண்ணனின் ராகம் எழுந்து வந்தது. இங்கே சுவர் நடுவில் இல்லாததால் வார்த்தைகூடக் கேட்டது. வார்த்தை எல்லாம் தப்பு. புனித வெண்டலின் பெயர் இரண்டு தரம் வந்தது, அந்தோனியார் வரவே இல்லை, நடுவில் வார்த்தை தெரியாத இடங்களில் வெறும் ஆ என்று இழுத்துப்போனான். ராகம் மட்டும் அச்சு அசல் அம்ப்ரோஸ். கடைசி இழுப்பு நீண்டுகொண்டே போயிற்று.

பிரிஸ்கா எழுந்து விளிம்புக்கு ஓடினாள். "நிறுத்து" என்று கத்தினாள். "நிறுத்துடா, நிறுத்து." கீழே தண்ணீர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள், கறந்தது எல்லாம் புல்லில் ஓடியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினாள்.

எதிரில் ஃப்ளோரின் வேண்டுதலை முடித்தான். பகலெல்லாம் ஆடுகளோடு மலைக்கு மறுபக்கம் இருந்தவனுக்கு ஹெலிகாப்டர் வந்தது தெரியாது. இருட்டத் தொடங்கிய மேட்டில் ஒரு விளக்கு ஏறி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அம்ப்ரோஸ் தேறிவிட்டான், வெளியே வந்து நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக, நெடுநேரம் ஆட்டினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மாதிரி. மூளையில் அடைப்பு என்று படம் போட்டுக் காட்டினார். "முதல் சில மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா" என்று தொடங்கியவர், பிரிஸ்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். வலது பக்கம் வராது, பேச்சு வராது. புரிகிறதா என்று கேட்டதற்கு, எவ்வளவு புரிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

ஃப்ளோரினுக்கு விஷயம் போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. ஆட்டுக்காரர் ஒருவர் மேட்டுக்குப் போய் மாற்றிவிட, ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"நான்தாங்க கூப்பிட்டேன்."

"தெரியும்."

"முதல் நாள் அவர் குரல் வரல. மூட்டத்துல எதுவும் தெரியல. உடம்பு அசதியா இருக்கும், இல்ல கீழ போயிருப்பாருன்னு நெனச்சேன். ஒரு ராத்திரி கூட விடக்கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா நீங்க சொன்னீங்க. ரெண்டு மேட்டுக்கும் சேர்த்து நாமளாவது கூப்பிடுவோம்னு..."

பிரிஸ்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏசுவதற்கு எத்தனையோ வார்த்தை வைத்திருந்தாள், ராத்திரி ராத்திரி படுத்துக்கொண்டு சேர்த்தவை. ஒன்றும் இவன் மேல் ஒட்டாது என்று இப்போது தெரிந்தது.

"உள்ள வா" என்றாள். "வாசல்ல நின்னு பேசாத."

மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சூடாக்கி, ஆப்பிள் மசியலோடு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சாப்பிடு. ஆறிடும்."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா நீங்க மறுநாளே போயிருப்பீங்களா?"

பிரிஸ்கா கதவோரம் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். அதுவே அவனுக்குப் பதிலாகப் போயிற்று. இரண்டு கரண்டி தின்றுவிட்டு, தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"இனி கூப்பிடட்டுமா வேண்டாமாங்க? ஆடு இறங்க இன்னும் நாள் இருக்கு."

"வேண்டாம்" என்றாள். வெடுக்கென்று வந்துவிட்டது. "எனக்குக் கேக்க வேண்டாம்ப்பா. கூப்பிடாத."

"சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். சொன்னால் சொன்னபடி இருக்கிறவன். அன்று முதல் மேட்டில் சத்தம் இல்லை. பிரிஸ்கா சமையலறை ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் அம்ப்ரோஸை ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறை நல்ல அறை, ஜன்னலிலிருந்து கொப்பரையின் பாறைச் சுவர் தெரியும். அங்கே வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவளே பிரிஸ்காதான். பகலெல்லாம் அவன் அமைதியாக இருந்தான். நர்ஸ் ஊட்டினால் தின்றான். மாலை ஆனதும் ஆள் மாறிப்போனான். இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஜன்னலுக்குப் போனான். கண்ணாடியில் நெற்றியை முட்டினான். பிரிஸ்கா ஜன்னலைத் திறந்துவிட்டாள். காதைச் சாய்த்துக் கேட்டபடியே இருந்தான். இருட்டும்வரை கேட்டான். பிறகு அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம் போட்டு அழுதான்.

மறுநாளும் அதே. நர்ஸ் மாத்திரை தரட்டுமா என்றாள்.

மூன்று ராத்திரி தரையில் கிடந்தானே, அப்போதும் அந்தக் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும். இது அன்றைக்குத்தான் பிரிஸ்காவுக்கு உறைத்தது. தன்னால் முடியாததை யாரோ செய்கிறார்கள், மேடு காவல் இல்லாமல் போகவில்லை என்று கேட்டுக்கொண்டு கிடந்திருப்பான். இல்லை, தங்கை இதைக் கேட்டு ஏமாந்து தூங்குவாளே என்று பதறிக்கொண்டு கிடந்தானோ. எது என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

ஃப்ளோரினை மறுபடி கூப்பிடச் சொல்ல நினைத்தாள். அவன் நம்பர் அவளிடம் இல்லை, இருந்தாலும் கலென் மேட்டில் போன் எடுக்காது. ஆட்டுக்காரரிடம் கேட்டால், அவர் ஆடுகளை நேற்றே மலைக்கு மறுபக்கம் ஓட்டிவிட்டதாகச் சொன்னார். அந்தச் சரிவு வழியாக இறங்கி, லாரியில் ஏற்றி, ஃப்ளோரின் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். நம்பர் ஏதாவது? கூலிக்கு வந்த பையன், நம்பர் எல்லாம் யார் வாங்கி வைத்தார்கள் என்றார்.

ஃபுர்னிக் கிடேரிகள் எப்போதோ இறங்கிவிட்டன. மேட்டில் ஒரு ஆள் இல்லை.

அன்று மாலை பிரிஸ்கா, மேட்டிலிருந்து இறக்கி வீட்டில் வைத்திருந்த மரப்புனலைக் கொண்டுவந்தாள். அம்ப்ரோஸ் அதைப் பார்த்ததும் இடது கையை நீட்டினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வேண்டுதலின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டது. புனலை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். மாதா பெயர் வரை வந்தது, அதற்கு மேல் மூச்சு பிடிக்கவில்லை. கூடத்தில் சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் கேட்டது. புனலை இறக்கிவிட்டாள்.

அம்ப்ரோஸ் மறுபடி காதை ஜன்னல் பக்கம் சாய்த்தான்.

"தண்ணி இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு" என்றாள் பிரிஸ்கா. "அதான் கேக்கல. கூப்பிட்டிருப்பாங்க."

வெளியே இலையுதிர் காலத்து வானம் காய்ந்து கிடந்தது. வாரக்கணக்கில் மழை இல்லை. நூல் வற்றிவிட்டது, தூசி பறப்பதே தெரியவில்லை, கொப்பரையில் மட்டும் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அறுபது கோடை அந்தத் தண்ணீரோடு இருந்தவன் அம்ப்ரோஸ். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. பிறகு இடது கையைத் தூக்கி, அவள் கையின் மேல் வைத்தான்.

பிரிஸ்கா ஜன்னலை மூட எழுந்தாள். மூடாமலே உட்கார்ந்துவிட்டாள்.